மாரிமுத்துவைத் தெரியாது என்றவர்

எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுமடலுக்குப் பின்னால் கொஞ்சம் கரி மிச்சம் வைத்திருக்கும் என் அப்பாவுக்கு,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறை. காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருகிறவர்களுக்கு நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று அழுவதையும் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அடையாள அட்டை கிடைத்துவிட்டது. கலியாணமும் ஆகிவிட்டது, நீங்கள் பார்க்காத உங்கள் மருமகன் யாழ்ப்பாணத்துக்காரர், சாது. யுத்தம் மட்டும் இன்னும் முடியவில்லை. நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் முடியவில்லை என்றால் நம்புவீர்களா?

இதெல்லாம் சொல்ல நான் எழுதவில்லை. தில்லையம்பலத்தை நான் பிடித்துவிட்டேன், அப்பா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களை அறியாத நாலு பேரும் இதை வாசிக்கட்டும்.

கொட்டாஞ்சேனையில் நம்முடைய கரித் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி நிற்கிறது. மேலே லொட்ஜ், கீழே கலியாண மண்டபம். முப்பத்தாறு வீடுகளும் இரண்டு தண்ணீர்ப் பைப்பும் அங்கேதான் இருந்தன என்று சொன்னால் இன்றைக்கு ஒருவரும் நம்பமாட்டார்கள். கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றிய கொம்பனி, தன் ஆட்களைக் குடிவைத்த இடம் அது. கப்பல் ஊதினால் நாங்கள் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவோம். கொடியில் காயும் வெள்ளைத் துணி எல்லாவற்றையும் பெண்கள் உள்ளே இழுப்பார்கள். பின்னேரம் நீங்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் திரும்பி வருவீர்கள். அந்தக் கூட்டத்தில் என் அப்பா யார் என்று பல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன்.

துவாயின் முடிச்சில் நீங்கள் கொண்டுவந்த கரித்துண்டில் அம்மா ஆப்பம் சுட்டாள். அதில் ஒரு மணம் இருந்தது. பிறகு எங்கே தின்றும் எனக்கு அது கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஹலீமா தாத்தா நோன்பு திறக்கும் கஞ்சியும் அந்த அடுப்பில்தான் கொதித்தது. அக்காவைத் தாத்தா என்று அவர்கள் கூப்பிட, நாங்களும் அப்படியே பழகிவிட்டோம்.

பிறகு எண்ணெயில் ஓடும் கப்பல்கள் வந்தன. கரிக்கப்பல் மாதத்துக்கு ஒன்றானது, அப்புறம் அதுவும் நின்றது. கொம்பனிக்காரர் போனார்கள். நீங்கள் புறக்கோட்டையில் மூட்டை தூக்கப் போனீர்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளக் கொம்பனி விட்டுப்போன ஒரே ஆள், அங்கே கிளாக்கராக இருந்த தில்லையம்பலம்.

பத்து இருபது வருஷம் கழித்து அவரே அந்தக் காணியை வாங்கினார். எல்லோரையும் வீட்டைவிட்டு எழும்பச் சொன்னார். சிலர் பயந்து கிளம்பினார்கள். நீங்கள்தான் வீடு வீடாகப் போய், “போகாதீங்க. ஒண்ணா இருந்தா அவரால ஒண்ணும் பண்ண முடியாது” என்று நிறுத்தி வைத்தீர்கள். அவருக்கு உங்கள் மேல் இருந்த கோபம் அதுதானா? அல்லது வேறு ஏதாவது இருந்ததா? அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

சுற்றிவளைப்பு நடந்த காலை உங்களுக்கும் மறந்திருக்காது. ஆமி தோட்டத்தை வளைத்து, ஆண்களை எல்லாம் பைப்படிக்கு முன்னால் வரிசையாக இருத்தியது. உங்களிடம் அடையாள அட்டை இல்லை. இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்பதால், எத்தனையோ தரம் குடியுரிமைப் பாரம் நிரப்பியும் இந்த நாடு உங்களைத் தன் ஆள் என்று எழுதவில்லை. இருந்தது ஒரு பழைய கரிக் கொம்பனி பாஸ். அதில் உங்கள் படம் ஒரு நிழல் மாதிரி. பொலிஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லாத கொம்பனியின் பாஸை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அந்த நேரம்தான் தில்லையம்பலம் வெள்ளை வேட்டியும் கண்ணாடியுமாக வந்தார். காணிக்காரர் என்பதால் அவருக்குக் கதிரை போட்டார்கள். அவரைக் கண்டதும் நீங்கள் சிரித்தீர்கள், அப்பா. “கிளாக்கரய்யா வந்துட்டாரு” என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அவரை விடவில்லை.

“மெயாவ தன்னவாத?” என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். இந்த ஆளைத் தெரியுமா?

அவர் உங்களை ஒரு தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தன்னே நெஹே, மாத்தயா. அலுத் கெனெக்” என்றார். தெரியாதாம். புது ஆளாம்.

வரிசையில் இருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்காவது தலையில் ஒரு சாக்கு இருக்கும். இந்த மனிதருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

உங்களை ட்ரக்கில் ஏற்றினார்கள். காற்று வராத அறையில் ஐந்து நாள். வருஷக்கணக்காகக் கரித்தூசு குடித்த நெஞ்சு அது. ஒவ்வொரு நாளும் நான் அவருடைய வாசலில் போய் நின்றேன். “ஐயா, ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.” அவருடைய மனைவி வந்து, “அவர் வீட்டில இல்லைப் பிள்ளை” என்றார். வாசல் திரைக்குக் கீழே அவருடைய கால் தெரிந்தது. ஐந்து நாளும் தெரிந்தது.

ஆறாம் நாள் உங்களை விட்டார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், பிறகு பொரளைக் கனத்தைச் சுடலை. நீங்கள் போன மூன்றாம் மாதம் தோட்டத்தில் ஒரு கூரையும் இல்லை. மட்டக்குளி, வத்தளை, வெள்ளவத்தை என்று ஆளுக்கொரு திசையாகப் போனோம்.

பன்னிரண்டு வருஷம் அவரை வழியில் கண்டபோதெல்லாம் நான் கும்பிட்டேன். சுகம் விசாரித்தேன். அவருடைய மகளின் கலியாணத்துக்குப் போய் வாழ்த்தினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று உங்கள் மருமகன் நினைத்தார். நான் காத்திருந்தேன், அப்பா, வேறொன்றும் இல்லை.

போன மாதம் கொமியூனிகேஷனுக்கு அவரே கோல் எடுத்தார். “பிள்ளை பாக்கியம், மண்டபம் திறக்கப் போறம். பழைய கரித் தோட்டத்துச் சனம் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறன். நீங்கள் நல்லாக் கதைப்பியள். அந்தக் காலத்து இனிய நினைவுகள் கொஞ்சம் சொன்னால் சனம் சந்தோஷப்படும்.”

“கட்டாயம் வர்றேன் ஐயா” என்றேன்.

அன்றைக்கே பொலிஸுக்குப் போய், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் நிற்கும் மாமியின் பதிவைச் சரிபார்த்தேன். ஊரிலிருந்து வந்த ஒருவரைப் பதியாமல் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பில் எங்களையும் ட்ரக்கில் ஏற்ற அந்த மனிதரால் முடியும். உங்கள் மருமகன் கெஞ்சினார். “உமக்கேன் இந்த வேலை? முடிஞ்சது முடிஞ்சதுதானே.”

“உங்களுக்கு முடிஞ்சிருக்கலாம்” என்றேன். ஆனால் அவரும் மண்டபத்துக்கு என்னோடு வந்தார். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்டபம் நிறையச் சனம். முன்வரிசையில் பெரிய மனிதர்கள். பின்னால் நம்முடைய ஆட்கள், நரைத்துப்போய், நல்ல துணி உடுத்திக்கொண்டு. மேசையில் தில்லையம்பலத்துக்குப் போடவென்று ரோஜா மாலை. நான் மைக்கைப் பிடித்துக் கேட்டபடியே இனிய நினைவுகளைச் சொன்னேன். வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு ஓடியதைச் சொன்னேன். பல்லைப் பார்த்து அப்பாவைக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். சனம் சிரித்தது. அவரும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“இன்னொரு நினைவும் இருக்குது” என்றேன். “இது எங்கம்மா சொன்னது.”

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் நீங்கள் செய்ததைச் சொன்னேன். உத்தியோகத் தமிழர்களைத் தேடிக்கொண்டு தடியோடு ஆட்கள் வந்தபோது, ஒரு சின்ன வயதுக் கிளாக்கர் நம்முடைய வீட்டுக்குள் ஓடி வந்தார். அவருடைய சட்டையை நீங்கள் கழற்றினீர்கள். தலையிலிருந்து கால்வரை கரியைப் பூசினீர்கள். சாக்கு ஒன்றைத் தோளில் போட்டு, பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். வந்தவர்கள், “மே கவுத?” இவன் யார் என்று கேட்டார்கள். “மகே மல்லி” என்றீர்கள். என் தம்பி. இரண்டு நாள் அம்மா சோறு போட்டாள். மூன்றாம் நாள் நீங்களே அவரைக் கரிக்காரர் கூட்டத்தோடு துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், வடக்கே போகிற கப்பலில் ஏற்றிவிட்டீர்கள்.

“அந்தக் கிளாக்கர் இங்கதான் முன்வரிசையில இருக்கிறாரு” என்றேன். சனம் கைதட்டியது. நம்புவீர்களா? அவருக்காகக் கைதட்டினார்கள். அவர் எழும்பிக் கும்பிடக்கூடச் செய்தார்.

அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதே மிச்சத்தையும் சொன்னேன். பைப்படி, கதிரை, கண்ணாடி, தெரியாது என்ற அந்தச் சொல், திரைக்குக் கீழே தெரிந்த கால். ஒன்றையும் விடவில்லை. “மைக்கை நிப்பாட்டு” என்று அவர் கத்தினார். நிறுத்தினார்கள். கரித் தோட்டத்தில் பைப்படியிலிருந்து கடைசி வீடு வரைக்கும் கேட்கக் கூப்பிட்டுப் பழகின தொண்டை எனக்கு. மைக் எதற்கு?

“பொய்! இவள் பொய் சொல்லுறாள்” என்றார்.

அப்போது பின்னால் ஒரு கதிரை நகர்ந்தது. ஹலீமா தாத்தா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பேத்தியின் தோளைப் பிடித்து எழும்பினார். “பொய் இல்ல. புள்ள சொல்றது மெய். பைப்படியில நடந்தத நான் ஜன்னலால பாத்துக்கிட்டு ஈந்தேன். இத்தன நாளும் வாய மூடிக்கிட்டு ஈந்தது என்ட குத்தம்.”

பிறகு நடந்தது ஒன்றும் பெரிய சண்டை இல்லை. நம்முடைய ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். சாப்பாட்டு மணம் வந்துகொண்டிருந்தது, ஒருவரும் சாப்பிடவில்லை. முன்வரிசைப் பெரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அந்த மாலையை யாரும் தொடவில்லை. எனக்குள்ளே ஒரு குளிர்ச்சி, அப்பா. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்து, பழைய சோறு.

கதை பரவிவிட்டது. அந்த மண்டபத்தில் பதிவு செய்திருந்த இரண்டு கலியாணங்கள் வேறிடம் போயின. ஏதோ ஒரு சங்கத்துக்கு அவரைத் தலைவராக்க இருந்தார்களாம், அதுவும் நின்றது. கடையில் அவரைக் கண்டால் சனம் கதைப்பதை நிறுத்துகிறதாம். இரண்டு கிழமை ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் நான் எழும்பி உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை.

பிறகு அவரே வந்தார். போன வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், கொமியூனிகேஷனுக்கு. கையில் ஒரு தடி. கோல் எடுக்க வந்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சொன்னார்.

“மகன் கனடாவுக்குக் கூப்பிட்டிட்டான். அடுத்த கிழமை போறன். திரும்பி வரமாட்டன். பிள்ளை, அண்டைக்கு நான் பயந்து போனன். அவரைத் தெரியுமெண்டால் என்னையும் ஏத்திப்போடுவாங்கள் எண்டு பயம்.”

“பயத்துல ஒரு தரம் சொன்னீங்க. சரி. அடுத்த நாள் நான் உங்க வாசல்ல நின்னேனே? அதுக்கடுத்த நாளும்? அஞ்சு நாளும் பயமா, ஐயா? இல்ல, காணியா?”

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டும்தான்” என்றார். உண்மையைச் சொன்னார், அப்பா. அதை நான் மறைக்கமாட்டேன். அவருடைய கன்னம் நனைந்திருந்தது. “மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. அதோட போயிடுறன்.”

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் அழுகிறார். ஒரு சொல்தானே என்று அவர்கள் கண் சொன்னது. நான் ரிசீவரை எடுத்து அடுத்த ஆளிடம், “எந்த நாட்டுக்கு?” என்று கேட்டேன். அவர் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போனார். காலி வீதியைக் கடக்க அவருக்கு நேரம் எடுத்தது. நான் போய்க் கையைப் பிடிக்கவில்லை.

எனக்குத் தெரியும், நீங்கள் இருந்திருந்தால் அவர் வாயைத் திறக்கும் முன்பே, “போகட்டும் விடுங்க ஐயா, ஒரு பிளேன்டீ குடிங்க” என்று சொல்லியிருப்பீர்கள். அந்த மனது உங்களுடையது. எனக்கு அது வரவில்லை. வந்திருந்தாலும் உங்களுடைய சாவை மன்னிக்க நான் யார்?

ஆகவே ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் பெயரால் அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டேன். வேறு ஒருவரையும் சொல்ல விடவுமாட்டேன். நாளைக்கு அவர் கனடாவிலிருந்து கோல் எடுத்தாலும், கடிதம் போட்டாலும், மகனை அனுப்பினாலும் சரி. அவருக்கு அது வேண்டுமென்றால் உங்களிடமே நேரில் வந்து கேட்கட்டும். வயது போகிறது, அதிக காலம் இல்லை. வந்தால் நீங்கள் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள், அப்பா. நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

இனி உங்களைத் தவிர ஒருவருக்கும் தலைவணங்காத
உங்கள் மூத்த மகள்,
மாரிமுத்து பாக்கியம்