வலையில் சிக்கிய பழவௌவால்

தவக்காலம், இரண்டாம் வெள்ளி. இரவு.

காலையில் திராட்சைப் பந்தலுக்குப் போனபோது, பறவைக்காகக் கட்டிய வலையில் ஒரு பழவௌவால் சிக்கிக் கிடந்தது. இவை தின்று கெடுத்த குலைகளை நினைத்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பக்கத்துத் தோட்டத்துச் செபஸ்தி, வௌவாலைக் கறிக்கு விற்பவன், ஓடி வந்தான்.

"விட்டுறாதீகண்ணே. மதினியோட மூச்சிழுப்புக்கு இந்தக் கறிதான் மருந்து. மிச்சத்த நான் வித்துத் தாரேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, கறி ஆகாது. சாக்கப் போட்டு மூடுங்க, நாளைக்கு அறுத்துக்கிருவோம்."

சாக்கோடு திரும்பி வந்தேன். என் மனைவி பிலோமினா மூச்சு வாங்க வௌவாலின் முன்னால் குந்தியிருந்தாள். குச்சியால் இறக்கையை மெல்லத் தூக்கி, "இங்கன பாருங்க" என்றாள்.

மார்பைக் கவ்வியபடி ஒரு குட்டி. தாய் எங்களைச் சட்டை செய்யவில்லை. வலை இறுக்கியும் குட்டியின் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தது.

"பிள்ளைக்காரியக் கொன்னு தின்னுட்டு நான் எப்பிடி மூச்சு விட? வலைய அறுங்க."

புது வலை. அறுத்தேன். தாய் வௌவால் குட்டியோடு பந்தலின் கல்தூணில் ஏறி, உச்சியிலிருந்து விழுவதுபோல் இறங்கி இறக்கையை விரித்தது. கிட்டத்தட்ட நான் இரு கையையும் விரித்த அகலம். வெயில் அந்தத் தோலுக்குள் சிவப்பாய் எரிந்தது. செபஸ்தி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தான், கோயிலுக்குள் நிற்பதுபோல.

பிலோமினாவுக்கு இப்போதும் இழுக்கிறது. வலையில் ஓட்டை அப்படியே இருக்கிறது. ஊசியும் நூலும் மேசைமேல். அது இந்நேரம் பந்தலுக்கு வந்திருக்கும். பசித்திருக்கும்.