முழங்கை சொன்ன சேதி

என் அன்புக்குரியவருக்கு,

நானும் அத்தையும் நம் வாயாடி மகளும் இங்கே நலம். உங்கள் நலத்தை உங்கள் கடிதங்களைவிட உங்கள் சட்டை விவரமாகச் சொல்லிவிட்டது.

விடுப்பில் வந்த உங்கள் நண்பர் அதைக் கொடுத்து, கொஞ்சம் கிழிசல் அண்ணி, தைத்துக் கொடுங்கள் என்றார். அங்கே என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று அவரிடம் கேட்டேன். எதிரிப் பக்கம் போய் வேவு பார்ப்பவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் கொண்டுவரும் தகவலை மேசையில் வைத்துச் சரிபார்ப்பவர் நீங்கள் என்று, நீங்கள் எழுதியதையே வரி பிசகாமல் ஒப்பித்தார். இரண்டு பேரும் சேர்ந்து மனப்பாடம் செய்தீர்களா?

வாயாடி பள்ளியில், அப்பா ஒட்டுக்கேட்கிறார், அதற்குச் சம்பளமும் உண்டு என்று பெருமையடித்திருக்கிறாள். இனி யார் கேட்டாலும் ராணுவத்தில் கணக்கர் என்று சொல்லச் சொன்னேன். "அப்பாவுக்குத்தான் கணக்கே வராதேம்மா" என்கிறாள்.

சட்டைக்கு வருகிறேன். என் தையல் கடைக்கு வராத அலுவலகச் சட்டையா? மேசை வேலைக்காரருக்கு எழுதுகிற கையின் முழங்கைதான் தேயும். உங்களுக்கு இரண்டும் ஓட்டை. மார்புப் பொத்தான்கள் எல்லாம் உரசி வெளுத்து, பைக்குள் புல் விதை. குப்புறப் படுத்து ஊர்கிறவரின் சட்டை இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

கோபம்தான். யாராவது முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லாவிட்டால் பின்னால் வரும் படை கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான் என்பது எனக்கும் புரிகிறது. அந்த யாராவது நீங்கள் என்பதைத்தான் மனசு ஏற்க மாட்டேன் என்கிறது.

அத்தையிடம் மூச்சு விடவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து தொப்பை போட்டிருப்பான் என்று கவலைப்படுகிறார். படட்டும், அது நல்ல கவலை.

முழங்கைகளுக்கு உள்ளே இரட்டைத் துணி கொடுத்திருக்கிறேன். பொத்தான்கள் மண்ணில் உரசாமல், வெயிலில் மின்னாமல் இருக்க, மேலே ஒரு பட்டி வைத்து மூடிவிட்டேன். என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பக்கத்து எந்தக் கண்ணுக்கும் தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தையும் தபாலில் போடாமல், சட்டைப் பையில் வைத்து நண்பரிடமே கொடுக்கிறேன்.

எவ்வளவு வேண்டுமானாலும் கிழியுங்கள், தைக்க நான் இருக்கிறேன். ஆனால் அடுத்த முறை சட்டையை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். போட்டுக்கொண்டு நீங்களே வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் தையல்காரி