இரண்டு தட்டு

அம்மாடி,

மாப்பிள்ளை தோற்றதை நடுவர் குழு இன்று காலை எழுத்தில் உறுதிசெய்துவிட்டது. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

குத்து, உதை, பிடி எல்லாம் செல்லும் கலப்புச் சண்டையில் இறங்கிய நம் குத்துச்சண்டை மாப்பிள்ளை, எதிராளி கழுத்தை இறுக்கியபோது அவன் முதுகில் இரண்டு முறை தட்டினார். குத்துச்சண்டையில் சுற்று முடிந்ததும் அப்படித் தட்டுவது மரியாதை. கலப்புச் சண்டையில் அது சரணடைவது. சுற்று முடியும் மணி அடிக்க இன்னும் நான்கு நொடி இருந்தது.

"மணி கேட்ட மாதிரி இருந்துச்சு மாமா. இல்ல, மூச்சு முட்டித்தான் தட்டினேனா? பக்கத்துலதானே இருந்தீங்க! முப்பது வருஷமா சண்டையைப் பத்தி எழுதுறீங்க, இதுகூடத் தெரியலையா?" என்கிறார். சரணடைந்திருந்தால் இனிக் கையுறையைத் தொடமாட்டாராம்.

அவர் முகம் என் பக்கம்தான் திரும்பியிருந்தது. நான் பார்த்தது பயமா, பழக்கமா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

அவர் செய்த மேல்முறையீட்டில் வெள்ளிக்கிழமை தீர்ப்பு. வியாழன் மாலைக்குள் என் சாட்சியம் வேண்டுமாம். சாட்சியம் எழுத எடுத்த தாளில் தேதி மட்டும் எழுதியிருக்கிறேன்.

அப்பா