சாகுல், நம்ம ரம்பம் ஓடமாட்டேங்குது

வேலையை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கும் என் பிரியமான மாப்பிள்ளை சாகுலுக்கு,

நல்லாயிருக்கியா என்று கேட்டுத்தான் கை எழுத வருகிறது. இப்போது அப்படிக் கேட்கலாமா கூடாதா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. இங்கே எல்லாரும் சுகம். மழை இன்னும் இறங்கவில்லை. வாலிநோக்கத்தில் உப்பு அள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் ரியாஸ் சவூதியிலிருந்து லீவில் வருகிறான் என்று சேதி வந்தது. நீ மவுத்தாகி அடக்கம் ஆன அன்றைக்கு அவனால் வர முடியவில்லை, உன் முகத்தைப் போனில்தான் பார்த்தான். அதற்குப் பிறகு இப்போதுதான் ஊர் வருகிறான். உன் வீட்டுக்காரி, தங்கச்சி நூர்ஜஹான் என்னை வரச்சொல்லி ஆள் விட்டாள். போய் நின்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே பேசினாள்.

"வெள்ளிக்கிழமை வாரான்ணே. வந்த கையோட வாப்பாகிட்டப் போகணுங்குறான். அங்கன கால் வைக்க முடியுதா இல்லையான்னு எனக்கு என்ன தெரியும்? ஒங்களைத்தான் கேக்கணும்."

உன்னை அடக்கிய மையவாடிக்குள் அவள் போகமாட்டாள், பெண்கள் போவதில்லை என்கிற உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். அதனால் நான் போய்ப் பார்த்தேன். கால் வைக்க முடியாது மாப்ளே. சுற்றுச்சுவரை ஒட்டி, நீ படுத்திருக்கும் மூலை முழுக்க வேலிக்கருவை முள் மண்டிக் கிடக்கிறது. நீயும் நானும் இந்த ஜில்லாவில் எத்தனை கருவையை அறுத்துத் தள்ளியிருப்போம்! அந்தச் சனியன் உன் தலைமாட்டிலேயே வந்து முளைத்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஜமாத்தில் போய்ச் சொன்னேன். மழைக்கு முன்னால் ஜேசிபி விட்டு மொத்தமாக வழித்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம் என்றார்கள். எனக்குப் பகீர் என்றது. அது மணல் பூமி. அந்த வண்டி ஒருதரம் ஏறி இறங்கினால், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஊன்றியிருக்கிற மீசான் கல்லெல்லாம் எங்கே போய்க் கிடக்குமோ? எது யார் கபுரு என்று அப்புறம் யார் சொல்வது? உன் மகன் கடல் தாண்டி வந்து எந்த மண்ணைப் பார்த்து நிற்பான்? அந்த மூலையை மட்டும் எனக்கு விடுங்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் நான் அறுத்துப் பாதை போட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். முடியாவிட்டால் சனிக்கிழமை ஜேசிபி வரும் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்கள்.

வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பரணிலிருந்து ரம்பத்தை இறக்கினேன். ஆமாம், நம் ரம்பம்தான். சொந்தபந்தமெல்லாம் சென்ட்டும் போர்வையும் எதிர்பார்த்து உன் பெட்டியைச் சுற்றி நின்றபோது, துபாயிலிருந்து நீ சுமந்துகொண்டு வந்த மரம் அறுக்கும் மிஷின். அன்றைக்கு நூர்ஜஹான் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நீ போனபின் அதை நான் ஓட்டவே இல்லை. மிஷினைப் பார்த்துக்கொள்வது உன் பாடு, அறுப்பது என் பாடு என்று இருந்தோம். உன் பாட்டையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

பழைய பெட்ரோலைக் கொட்டினேன். குமட்டிக்கொண்டு வந்தது. புதுசு வாங்கி, நீ கலக்குகிற மாதிரியே ஆயில் கலந்து ஊற்றினேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் இரண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அழுதுவிட்டேன் மாப்ளே. இதில் என்ன வெட்கம்? நீ தெருமுனையில் வருகிற மாதிரியே இருந்தது.

கொஞ்ச நேரம்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, தொண்டை அடைத்த மாதிரி இழுத்து இழுத்து நின்றுபோனது. பொறுத்திருந்து இழுத்தால் மறுபடி பிடிக்கும், ஒரு கிளையை அறுப்பதற்குள் மறுபடி நிற்கும். ஏர் பில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். அதே கதை. பரமக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே பட்டறைத் தம்பி கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து மாட்டி, டேங்க் மூடியைத் திறந்து வைத்தபடியே ஓடவிட்டுக் காண்பித்தான். தையல் மிஷின் மாதிரி ஓடியது. வீட்டுக்கு வந்து மூடியை மாட்டி அறுத்தேன், நின்றுவிட்டது. உன்னைப் போலவே அதற்கும் என் வீடு என்றால் வீம்பு. தம்பிக்குப் போன் போட்டால், பழைய மாடல், இதற்கு மேல் சாமான் கிடைக்காது, புதுசு பாருங்கண்ணே என்றான். அவன் மேல் என்ன தப்பு, அவன் கண்முன்னால் ஓடிய மிஷின்தானே?

வாடகைக்கு ஒன்று எடுத்து வேலையை முடியுங்களேன் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். அவள் சொன்னது நியாயம்தான், நான்தான் சள்ளென்று விழுந்தேன். எவனோ ஒருத்தன் மிஷினைக் கொண்டுவந்து உன் தலைமாட்டில் நான் அறுக்கவா? ஆனாலும் வியாழக்கிழமை விடிந்துவிட்டது. மத்தியானம் வரை பார்ப்பது, இல்லையென்றால் அவள் சொல்கிறபடி செய்வது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஓடி நின்ற சூட்டோடு, எண்ணெய்தான் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. எண்ணெய் நிறைய இருந்தது. மூடியை இறுக்காமல் சும்மா வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மூடியை இறுக்கினேன், கொஞ்ச நேரத்தில் இழுத்துக்கொண்டு நின்றது. அந்த மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. டேங்குக்குள் காற்றுப் போக வேண்டிய வழி. அதை அடைத்துக்கொண்டு சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. நான் வைத்த சந்தனம்.

ஆயுத பூசைக்கு அரிவாள், மண்வெட்டியோடு நம் ரம்பத்தையும் கழுவி வைத்து, நான் சந்தனமும் குங்குமமும் இடுவேன் அல்லவா? நீ வருவாய், பொரியும் சுண்டலும் தின்பாய், ஊர்க்கதையெல்லாம் பேசுவாய். கிளம்புகிறபோது நான் வேறு பக்கம் பார்க்கும் நேரமாகப் பார்த்துக் கட்டைவிரலால் அந்த மூடியைத் துடைத்துவிட்டுப் போவாய். நான் பார்த்திருக்கிறேன் மாப்ளே. வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். உன் மார்க்கத்துக்கு ஒத்துவராது போலிருக்கிறது, கேட்டால் சங்கடப்படுவாய் என்று பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நீ போனபின்னும் பொட்டு வைத்தேன், துடைக்கத்தான் ஆளில்லை.

கைப்பிடியில் இருந்த பொட்டை நீ தொட்டதில்லை. மிஷின் உடம்பில் இருந்த பொட்டோடுதான் அடுத்த நாள் வேலைக்குத் தூக்கி வருவாய். மூடியை மட்டும்தான் துடைத்தாய். அது என் மரமண்டைக்கு ஏறவில்லை. சரி, நீயாவது சொல்லியிருக்கலாமே? டீக்கடையில் உட்கார்ந்தால் வாய் ஓயாத ஆள் நீ. சாமி பொட்டால் மிஷின் நின்றுபோகும் என்று சொன்னால் எனக்கு முகம் சுண்டிப்போகும் என்று நினைத்தாயா? நான் உனக்காகப் பேசாமல் இருந்தேன், நீ எனக்காகப் பேசாமல் இருந்தாய். இப்படி இன்னும் என்னவெல்லாம் எங்கிட்டச் சொல்லாமல் வைத்திருந்தாய்?

ஒரு கருவை முள்ளால் அந்த ஓட்டையைக் குத்திவிட்டேன். அப்புறம் ரம்பம் நிற்கவே இல்லை. வியாழன் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை அறுத்தேன். மிஷின் சத்தத்தில் காது கேட்காது என்று, நீ பின்னால் கவைக்கம்போடு முள்ளை இழுத்துக்கொண்டே வந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் என் முதுகில் தட்டுவாய் இல்லையா? அந்தப் பழக்கத்தில், கல்லுக்குக் கிட்டே போகப்போக என் முதுகு அந்தத் தட்டுக்குக் காத்துக்கொண்டே இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வெட்டிப்போட்ட முள்தான் கிடந்தது. நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் நன்றாகவே இல்லை மாப்ளே.

வெள்ளிக்கிழமை ரியாஸ் தொழுகை முடிந்து வந்தான். நான் வெளியே நின்றேன். வாங்க மாமா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். உன் கல்லுக்கு முன்னால் வெகுநேரம் ஓதினான். முடித்துவிட்டு, குனிந்து உன் மண்ணை ஒரு தரம் தடவிக்கொடுத்தான். "பாதை நல்லாருக்கு மாமா" என்றான். சனிக்கிழமை ஜேசிபி வரவில்லை.

வேலிக்கருவையை அறுத்தால் மறுபடி தழையும், உனக்குத் தெரியாததா? தழையட்டும். என் கையில் தெம்பு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் நம் ரம்பத்தோடு வருவேன். உன் கல்லுக்கிட்டே வந்ததும் நானே பார்த்து நிறுத்திக்கொள்கிறேன். நீ எழுந்து வந்து தட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரிக்கு அண்ணன், உன் மகனுக்கு மாமன்,
முருகேசன்