மார்த்தாவுக்குப் போன தண்ணீர்

ஏப்ரல் 29, புதன்
தூறல். வெஸ்ட்லித் தெருவில் மாரியில் பனி வழுக்காமலிருக்கப் போட்ட சரளைக்கல்லை இன்னும் கூட்டவில்லை. காலை முழுக்க எழுத்து வேலை.

மருமகள் சூசன் அமெரிக்காக்காரி. இங்கிலாந்து ராசா அமெரிக்காவை ஆண்ட காலத்தில் அங்கே இருந்த மார்த்தா என்பவளின் வழியில் வந்தவள். மார்த்தாவின் தாய் யார் என்று மாதக்கணக்காகத் தேடுகிறாள். தன் ஆட்களின் பெயர்களைப் பெரிய தாளில் வரைந்து, பக்கத்தில் தமிழில் எழுதித் தரும்படி கேட்டாள். என்னிடம்! போன வருடம்தான் எழுதப் பழகியவனிடம்.

'ர்த்தா' வர வியர்த்துவிட்டது. வந்தபின் விட மனமில்லை. பால்பெட்டியிலும் எழுதினேன். மார்த்தா, மார்த்தா.

வாங்க: எள், பச்சரிசி, வாழைக்காய்.

மே 1, வெள்ளி
வெயில், குளிர்காற்று. சித்திரைப் பறுவம், முழுநிலா நாள். செத்துப்போன அம்மாவுக்கான விரதம். மகனுக்கு விடுமுறை, காரில் கோயிலுக்கு. நல்ல சனக்கூட்டம்.

ஐயர் அம்மாவின் பெயர் கேட்டார். சொன்னேன். அம்மம்மாவின் பெயரும் சொன்னேன்.

"பூட்டியின்ரை பேர்?"

அம்மம்மாவைப் பெற்றவள். தெரியாது. பின்னால் வரிசை. வாயில் வந்தது மார்த்தா.

"வேதக்காரரோ?" கிறிஸ்தவப் பெயரல்லவா.

"ஓம்" என்றுவிட்டேன். அந்தப் பெயருக்கே எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று.

வெளியே சப்பாத்துப் போடும்போது மகனிடம் உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் கேட்டுவிட்டார்.

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லலாம் அண்ணை. அதுக்கும் மந்திரம் இருக்கு."



மே 2, சனி
மழை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கச்சிக்கு டெலிபோன் எடுத்தேன். அவளுக்கும் தெரியாது.

"கிழவியைப் பேர் சொல்லி ஆர் கூப்பிட்டது? இப்ப ஏன் கேக்கிறியள்?"

சும்மா என்றேன். இரண்டாவது பொய்.

பூட்டியின் தண்ணீரை எடுத்து முன்பின் தெரியாத வெள்ளைக்காரிக்கு ஊற்றியிருக்கிறேன். எழுதிய பெருமையில். இப்போதும் 'ர்த்தா' அழகாகத்தான் வருகிறது. வெட்கம்.

மே 3, ஞாயிறு
சூசனிடம் சொன்னேன். மகன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியது. மார்த்தாவுக்கு இத்தனை காலத்தில் ஒருவரும் ஒன்றும் கொடுத்ததில்லையாம். பிறகு தன் தமிழில் கேட்டாள்.

"மாமா, உங்கட பூட்டிக்கு?"

 பெரிய தாளை விரித்து, மார்த்தாவின் தாய்க்கும் பெயர் தெரியாது, இருவருக்கும் சேர்த்துத் தண்ணீர் கொடுக்கலாமா என்றாள்.

ஐயருக்கு எடுத்தேன். பொய் சொன்னதைச் சொன்னேன். பெயர் தெரியாத இரண்டு பேர், ஒருத்தி உண்மையாகவே வேதக்காரி என்றும் சொன்னேன்.  மாட்டேன் என்று சொல்லவில்லை. அமாவாசைக்கு வரட்டாம்.

இன்னும் இரண்டு கிழமை. அதுவரை பூட்டி தாகத்தோடு.