வலி போன கால்

மார்ச் 3, திங்கள்
ஆய்வு தொடங்கியாயிற்று. இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களுக்கு, அறுவைக்கு முன் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி. இரண்டு வகை. பழையது ஃபாசியா இலியாக்கா: தொடையின் முன்பக்கம் முழுக்க மரத்து, காலும் கனத்துப்போகும். புதியது பெங்: மூட்டுக்குப் போகும் சிறு நரம்புகளை மட்டும் பிடிக்கும். எது வலியை நன்றாக அடக்கும்? யாருக்கு எது என்பது குலுக்கல்படி. எங்கள் மயக்கவியல் நிபுணர் டாக்டர் ஃபெலிசியா, நான் பெங் பக்கம் சாய்கிறேன் என்று கிண்டல் செய்கிறார். சாய்கிறேன்தான்.

மார்ச் 6, வியாழன்
பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் "பரவால்ல டாக்டர்" என்கிறார்கள். பரவாயில்லை என்பது எத்தனை?

மார்ச் 10, திங்கள்
ரெங்கத்திலிருந்து செல்லப்பன். எழுபது தாண்டியவர், குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். போர்வை பட்டாலே கத்தினார். குலுக்கலில் பெங். ஸ்கேன் திரையில் ஊசிமுனை எலும்பைத் தொட, மருந்து தசைநாரைத் தூக்கிக்கொண்டு பரவியது — அழகு. அரை மணியில் வலி பத்துக்கு ஒன்று. முட்டியைத் தானே நீட்டிக் காட்டினார். பழைய ஊசியில் இது நடக்காது. நாளை அறுவை.

அதே நாள், மாலை
அறுவை வேண்டாமாம்.

"எலும்பு கூடிருச்சு டாக்டர். ஒடைஞ்ச காலு இப்படி நீளுமா?"

மாசாயிலிருந்து வந்த மகள் பிரேமலாவும் அவர் கட்சி. காலையில் வீட்டுக்குப் போக வண்டி சொல்லியாயிற்று. போனால் படுத்த படுக்கைதான், நெஞ்சில் சளி கட்டிச் சாவார் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "வாய கழுவுங்க டாக்டர்" என்றார் பிரேமலா.

என் ஊசி நன்றாக வேலை செய்தது. அதுதான் பிரச்சினையா?

மார்ச் 11, செவ்வாய்
காலையில் மருந்தின் வேகம் குறைந்து செல்லப்பனின் முகம் சுருங்கத் தொடங்கியது. நான் சும்மா இருந்தால் போதும், வண்டி வருவதற்குள் அவரே அறுவைக்குக் கையெழுத்துப் போடுவார். ஃபெலிசியாவிடம் சொன்னேன்.

"வலிய வச்சு வாங்கற கையெழுத்து எனக்கு வேணாம், டாரில்."

இரண்டாவது ஊசி போட்டால் ஆய்விலிருந்து இவரை எடுத்துவிட வேண்டும். வலி போனால் அவர் வீட்டுக்கும் போய்விடலாம். சே... போட்டேன். வலி அடங்கும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கேட்டேன்: "சொத்தப் பல்லு புடுங்கறப்போ ஊசி போட்டாங்கல்ல? வலி போச்சு. சொத்த போச்சா?"

போர்வையை விலக்கிக் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இது உள்ள ஒடைஞ்சேதான் கெடக்குதா? இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிரேமலா வண்டிக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். மதியம் அறுவை முடிந்தது.

ஏப்ரல் 23, புதன்
இதுவரை இரண்டு ஊசிக்கும் வலியில் பெரிய வித்தியாசமில்லை. எரிச்சல். ஆனால் பழைய ஊசியில் கால் கனத்துக் கிடந்தவர்களில் ஒருவர்கூட வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. பெங்கில் செல்லப்பனுக்குப் பிறகு இன்னொருவரும் வீட்டுக்குப் போகக் கேட்டார். தற்செயலா? அடுத்து இதைத்தான் பார்க்க வேண்டும்.

செல்லப்பன் நடைச்சட்டம் பிடித்து கிளினிக்குக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார்.

மாலையில் கருப்பாயி அம்மா, இடது இடுப்பு. குலுக்கலில் பெங். ஊசிக்கு முன்பே கேட்டேன், பல் பிடுங்கியிருக்கிறீர்களா என்று.

"இருந்தாத்தானே புடுங்க. சொல்ல வந்தத சொல்லுங்க டாக்டர்."

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தேன்.