நோட்டில் இல்லாத வேலை

மரியாதைக்குரிய டாக்டரம்மாவுக்கு,

உங்கள் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன் வணக்கத்துடன் சொல்லிக்கொள்வது. எழுதுவது என் மருமகள். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். புது ஊரின் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா?

நலம் விசாரிக்க மட்டும் எழுதச் சொல்லவில்லை அம்மா. வயிற்றெரிச்சல். ஆன்டிபாடியை வெட்டி எடுத்த துண்டு புற்றுநோய்க் கட்டியைத் தேடிப் போகும், அதன் முதுகில் மருந்தை ஏற்றி அனுப்புகிறோம் என்று எனக்கும் புரிகிற மாதிரி சொன்னீர்களே, அந்த வேலை நாலு மாதமாக நொண்டுகிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி உங்கள் நோட்டை வரி விடாமல் பார்த்துத்தான் செய்கிறார். ஐந்து தடவை செய்தார், ஐந்திலும் துண்டும் துண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. மருந்து ஒட்டவே இல்லை. துண்டு இன்னும் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். வியாழக்கிழமை அதையும் எடுக்கப்போகிறார். அதுவும் வீணானால் வேலையையே மூடிவிடுவதாக டைரக்டர் சொல்லிவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். பஃபர் என்கிற உப்புக்கரைசலைப் பம்பில் வைத்து, குமிழி நிற்கும்வரை காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் உங்கள் மேசையில் வைப்பேன். துண்டின் நுனியில் இருக்கிற கந்தகத்தைக் காற்று கெடுத்துவிடும் என்று முதல் நாள் சொன்னீர்கள். அப்புறம் ஒருநாளும் சொல்ல வேண்டி வரவில்லை. நீங்கள் செய்ததை எல்லாம் நோட்டில் எழுதினீர்கள். இது நான் செய்தது.

தம்பியிடம் சொன்னேன். சிரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார், கேட்கவில்லை. திங்கட்கிழமை நானே பஃபர் குடுவையைப் பம்பில் ஏற்றினேன். பார்த்ததும் அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டார். "நோட்டுல இல்லாததை எப்படித் தாத்தா செய்யறது? நாளைக்கு யாராவது கேட்டா உங்க பேரையா சொல்றது?" என்றார்.

அவர்மேல் பாதிக் கோபம், உங்கள்மேல் பாதி. இருபத்தாறு தடவை ஒட்டினீர்கள். ஒன்பதாவது தடவை மட்டும் ஒட்டவில்லை. மருந்து பழசு என்று எழுதிவைத்தீர்கள். பழசில்லை அம்மா. அதே குப்பி மருந்துதான் பத்தாவது தடவை ஒட்டியது. அந்த ஒன்பதாவது நாளில் என் மகளுக்குப் பிரசவம், நான் லீவு. எனக்குப் பதிலாக வந்தவர் குடுவையைக் கழுவி நிரப்பி வைத்ததோடு சரி. பம்ப் பக்கமே போகவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன், தேதி ஒத்துவருகிறது.

மருமகள் இதைப் படம் எடுத்து இன்றே உங்கள் போனுக்கு அனுப்பிவிடுவாள். வியாழனுக்குள் தம்பிக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். பஃபரில் காற்று இருக்கக்கூடாது என்றால் போதும். உங்கள் கையெழுத்து என்றால் நம்புவார். நான் சொன்னதாகப் போட வேண்டாம், மறுபடி டீ வாங்கிக் கொடுத்துவிடுவார்.

நீங்களும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் அண்ணே என்று கூப்பிட்டவன்